தோளும் அதன் துயரும்

கையை உயர்த்துதல் நாம் எண்ணிப் பாராமலே செய்யும் செயல்களுள் ஒன்று. காலையில் எழுந்து சட்டையை மாட்டுகிறோம், தலையை வாருகிறோம், பரணிலிருந்து பெட்டியை இறக்குகிறோம், பேருந்தில் மேற்கம்பியைப் பற்றி நிற்கிறோம். இவ்வளவிற்கும் தோளே துணையாக நிற்கிறது என்னும் நினைவு நமக்கு எழுவதில்லை. ஒருநாள் உறங்கி எழுந்தவர் கையைத் தூக்க முயல்கிறார். அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. மேலும் முயன்றால் கத்தி கொண்டு குத்தினாற்போல் வலிக்கிறது. நேற்றுவரை ஏவல் கேட்ட கை இன்று கேளாமை கண்டு அவர் திகைக்கிறார். அண்டை வீட்டார் ஒருவர் 'வாயுப் பிடிப்பு' என்பர். மற்றொருவர் 'சுளுக்கு' என்பர். வேறொருவர் தலையணையைக் குறை கூறுவர். தைலம் தேய்ப்பதும் ஒத்தடம் கொடுப்பதும் தொடங்கும். ஆயின், தோள்வலி என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவாகிய ஓர் அறிகுறி. அந்நோய்களுள் சில தாமே தீர்வன. சில நெடுநாள் வருத்திப் பின் தீர்வன. சிலவோ, சிறிது காலம் தாழ்ப்பினும் உயிருக்கு இறுதி பயப்பன. இவற்றைப் பிரித்தறிய வேண்டுமாயின் தோளின் அமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

தோள் என நாம் ஒரு சொல்லாற் குறிப்பினும் அது மூன்று எலும்புகள் கூடும் இடமாகும். முதுகின் மேற்புறத்தில் முக்கோண வடிவிற் பலகைபோற் கிடப்பது தோள்பட்டை எலும்பு. கழுத்தின் அடியில் மார்பின் மேலே குறுக்காக ஓடுவது காறை எலும்பு. காறை என்பது கழுத்திலணியும் ஓர் அணியின் பெயருமாகும். மூன்றாவது மேற்கை எலும்பு. இதன் தலை பந்துபோல் உருண்டது. தோள்பட்டை எலும்பின் வெளிமுனையில் ஆழமில்லாத கிண்ணம் ஒன்று உண்டு. அக்கிண்ணத்தின்மேல் இப்பந்து பொருந்தியிருத்தலின் இம்மூட்டினைப் பந்துக்கிண்ண மூட்டு என்பர்.

கிண்ணம் என்று பெயரிட்டாரேனும், உண்மையில் அதனைச் சிறு தட்டு எனலே பொருந்தும். பந்தின் பரப்பு தட்டின் பரப்பைப்போல் மூன்று நான்கு மடங்கு பெரிது. தொடை எலும்பின் தலை இடுப்பெலும்பின் ஆழ்ந்த குழியுட் புதைந்து கிடப்பதனையும் இதனையும் ஒப்புநோக்குக. இடுப்பு மூட்டு உடலின் சுமையைத் தாங்க வேண்டும். ஆதலின் அதற்கு உறுதி மிகுதி, இயக்கம் குறைவு. தோளுக்கோ எத்திசையும் சுழலும் உரிமை வேண்டும். அவ்வுரிமையை அது உறுதியைக் கொடுத்துப் பெற்றிருக்கிறது. ஆவும் குதிரையும் முன்கால்களைப் பெரும்பாலும் முன்னும் பின்னுமே வீசி நடப்பன. அவற்றிற்குக் காறை எலும்பே இல்லை. மரக்கிளை பற்றித் தாவும் குரங்கிற்கும், கல்லெறியவும் சுமை தூக்கவும் எழுதவும் வல்ல மனிதனுக்கும் அஃது உண்டு. கையை உடலினின்றும் விலக்கிப் பக்கவாட்டில் வீசுதற்கு அவ்வெலும்பு முட்டுக்கொடுத்து உதவுகிறது.

ஆழமற்ற தட்டின்மேற் பந்தை நிறுத்திவைப்பது யாது? தட்டின் விளிம்பைச் சுற்றிக் குருத்தெலும்பினும் மெத்தென்ற நார்வளையம் ஒன்று வரம்புபோல் அமைந்துள்ளது. மூட்டு முழுவதையும் மெல்லிய உறை ஒன்று போர்த்துள்ளது. இவற்றினும் சிறந்த காவல் நான்கு தசைகள். இவை தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு, முன்னும் மேலும் பின்னுமாக வந்து, பந்தின் தலையைத் தம் நாண்களால் அணைத்துப் பிடிக்கின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் வலிய கயிற்றினை வில்லின் நாணோடு ஒப்பிட்டுத் தசைநாண் என்றது அழகிய ஆட்சி. நான்கு நாண்களும் ஒன்றோடொன்று கலந்து சட்டைக்கையின் பட்டிபோல் பந்தினைச் சூழ்கின்றன. இவற்றிற்கு மேலே, தோள்பட்டை எலும்பின் ஒரு முனை கூரைபோல் நீண்டு கவிந்திருக்கிறது. கூரைக்கும் பந்துக்கும் இடையே உள்ள வெளி ஏறக்குறைய 1 செண்டிமீட்டர். அவ்வளவு குறுகிய வழியில், நாண் உராயாதிருத்தற்பொருட்டு வழவழப்பான நீர்ப்பை ஒன்றும் வைக்கப்பட்டுள்ளது. தோள் நோய்களுட் பல இந்தச் சிறு வழியிலேதான் பிறக்கின்றன.

மாணவர்களே, இங்கே ஓர் எளிய சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். உங்கள் நண்பன் ஒருவனை நிற்கச்செய்து, அவன் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையை விரலால் தொட்டுக்கொள்ளுங்கள். அவன் கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தட்டும். தொடக்கத்தில் அவ்வெலும்பு பெரிதும் அசையாது. கை சிறிது உயர்ந்ததும் அதன் கீழ்முனை வெளிநோக்கி நகரத் தொடங்கும். கை தலைக்குமேல் 180 பாகை உயரும்போது, அவற்றுள் ஏறக்குறைய 120 பாகை பந்துக்கிண்ண மூட்டினால் நிகழ்வது; எஞ்சிய 60 பாகை தோள்பட்டை எலும்பு திரும்புவதால் நிகழ்வது. இரண்டிற்கு ஒன்று என்னும் இக்கணக்கை 1944ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ அறிஞர் மூவர் அளந்து வெளியிட்டனர். மூட்டு இறுகியவர் கையைத் தூக்கும்போது தோள்பட்டை எலும்பு முதலிலேயே மேலெழும். அவர் தோளைக் குலுக்குவது போலத் தோன்றும். பழகிய மருத்துவர் இதனை அறை வாயிலிலேயே கண்டுகொள்வர்.

இனி நோய்களைக் காண்போம். இளைஞராகிய உங்களுக்கு நேரக்கூடியதை முதற்கண் கூறுதல் முறை. சடுகுடு ஆட்டத்தில் கையை நீட்டிப் பிடிக்க முயல்பவனை எதிரணியினர் இழுக்கும்போதும், மிதிவண்டியிலிருந்து கையை ஊன்றி வீழும்போதும் பந்து தட்டை விட்டு நழுவிவிடும். உடலின் பெரிய மூட்டுகளுள் மிகுதியும் நழுவுவது தோளே. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்திற்கு மேல் முன்புறமாகவே நழுவும். தோளின் உருண்ட வடிவம் மறைந்து சதுரமாகிவிடும். அடிபட்டவன் மறு கையால் அக்கையைத் தாங்கிக்கொண்டு அசையாது நிற்பான். மின்சாரம் தாக்கியோர்க்கும் வலிப்பு நோய் கண்டோர்க்கும் சிலவேளை பின்புறமாக நழுவுதல் உண்டு. முன்னிருந்து எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் அது எளிதிற் புலப்படாது. ஆதலின் மருத்துவர் பக்கவாட்டிலும் படம் எடுத்துப் பார்ப்பர்.

நழுவிய தோளை மீண்டும் பொருத்தும் கலை மிகப் பழைமையானது. எகிப்து நாட்டில் கி.மு. 13ஆம் நூற்றாண்டினதாகிய இப்புய் என்னும் சிற்பியின் கல்லறைச் சுவரில், ஒருவர் மற்றொருவரின் முழங்கையைப் பற்றித் தோளைச் சரிசெய்வதுபோன்ற ஓவியம் உளது. கிரேக்க மருத்துவராகிய இப்போக்கிரதர் பெயரால் வழங்கும் நூலில், நோயாளியைத் தரையிற் கிடத்தி, அவர் அக்குளில் குதிகாலை வைத்துக் கையை இழுக்கும் முறை கூறப்பட்டுள்ளது. அடிக்கடி நழுவும் தோளுக்கு அக்குளின் தோலைக் காய்ச்சிய இரும்பால் சுடும் முறையும் அங்கே உண்டு; அத்தழும்பு இறுகிப் பந்தைத் தடுக்கும் என்பது அவர் கருத்து. 1870இல் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் தியோடர் கோக்கர், இழுக்காமல் மெல்லத் திருப்பியே பொருத்தும் முறை ஒன்றை வெளியிட்டார். அவர் பின்னர்க் கழுத்துச் சுரப்பி பற்றிய ஆராய்ச்சிக்காக 1909இல் நோபெல் பரிசு பெற்றார்.

விளையாட்டுத் திடலில் நண்பர்களே கையை வெடுக்கென இழுத்துப் பொருத்த முயலுதல் பெருந்தீங்காகும். நழுவிய பந்தின் அருகே கைக்குச் செல்லும் குருதிக் குழாயும் நரம்புகளும் உள்ளன. எலும்பும் உடைந்திருக்கலாம். ஊடுகதிர்ப் படம் எடுத்து, நோயாளியின் தசைகளைத் தளர்த்திய பின்னரே மருத்துவர் பொருத்துவர். அதுவரை கையை ஒரு துணியால் கழுத்திலிருந்து தொங்கவிட்டு, அசையாமல் அழைத்துச் செல்லுதலே நண்பர் கடமை. இருபது வயதிற்குள் ஒருமுறை நழுவிய தோள் மீண்டும் நழுவுதல் மிகுதி; தட்டின் விளிம்பிலுள்ள நார்வளையம் கிழிந்துபோதலே இதற்குக் காரணம். மூன்று வாரம் ஓய்வெடுக்கச் சொன்னால் பத்தாம் நாளே திடலுக்கு ஓடும் பிள்ளைகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடிபடாமலே, திடீரெனத் தாங்கொணா வலி தருவது மற்றொரு நோய். மேற்கூறிய நாண்களுள், கூரையின் கீழே செல்லும் நாணில் சுண்ணாம்புச் சத்துச் சிறிது சிறிதாகப் படிகிறது. முப்பது வயதிற்கும் அறுபது வயதிற்கும் இடைப்பட்டவர்களிடம் இது காணப்படும். ஆடவரினும் பெண்டிர்க்குச் சற்று மிகுதி. வியப்பு யாதெனின், அது படியும் காலத்தில் வலி சிறிதாகவே இருக்கும். சிலர்க்கு அறவே இராது. திங்கள் பல கடந்தபின், உடம்பு தானே அப்படிவைக் கரைத்து அகற்றத் தொடங்கும் காலத்திலேதான் நாண் வீங்கி வலி கொழுந்துவிட்டெரியும். மாலைவரை நலமாயிருந்தவர் நள்ளிரவில் கையை அசைக்கவும் இயலாமல் அமர்ந்திருப்பர். நோய் தீரும் வேளையே நோய் மிகும் வேளையாகத் தோன்றுவது இங்குள்ள விந்தை. ஊடுகதிர்ப் படத்தில் அப்படிவு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கடுவலி பெரும்பாலும் சில நாள்களிலோ இரண்டொரு வாரங்களிலோ தணியும். தணியாதாயின், கேளா ஒலிப் படத்தின் துணைகொண்டு ஊசியால் அப்படிவை உடைத்துக் கழுவி எடுப்பர். உண்ணும் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து மிகுவதால் இது வருவதன்று. ஆதலின் இந்நோய்க்கு அஞ்சிப் பாலும் மோரும் விலக்குதல் பயனற்ற பத்தியமாகும்.

நாண் கிழிதல் வேறொரு வகை. ஆண்டு பல உழைத்த கயிறு இழை இழையாக நைவது போல, ஐம்பது அறுபது வயதிற்கு மேல் தோளின் நாண்களும் நைகின்றன. நைந்த நாண் ஒருநாள் சுமையைத் தூக்கும்போதோ கால் இடறி வீழும்போதோ அறுந்துவிடுகிறது. 'படீர்' என்ற ஒலியைக் கேட்டதாகக் கூறுவாரும் உளர். அதன்பின் அவரால் கையைத் தாமே உயர்த்த இயலாது. ஆயின் பிறர் அவர் கையைப் பற்றித் தூக்கினால் அது தலைக்குமேல் வரை செல்லும். தூக்கிய கையை மெல்ல இறக்குமாறு கூறினால், ஓரிடத்தில் தாங்கமாட்டாமல் தொப்பென வீழ்ந்துவிடும். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க. பின்னர் வரும் நோய்க்கும் இதற்கும் உள்ள எல்லைக்கோடு இதுவே. முதியோர் வீழ்ந்தபின் தோள் வலித்தால் நாணோடு எலும்பும் முறிந்திருக்கலாம். இரண்டொரு நாளில் கன்றிய நிறம் முழங்கைவரை இறங்குவது அதன் அடையாளம்.

அறுந்த நாணைத் தைத்துச் சரிசெய்யலாம் என்பதனை 1911ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டவர் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகர மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன் என்பார். தோள் என்னும் ஓர் உறுப்பைப் பற்றியே 1934இல் அவர் ஒரு பெருநூல் இயற்றினார். அவர் வரலாறு தோளோடு முடிவதன்று. மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுச் சென்ற ஒவ்வொருவரும் ஓராண்டிற்குப் பின் எந்நிலையில் உள்ளார் என்று கேட்டறிந்து எழுதிவைத்தல் வேண்டும்; குணமாகாதார்க்குக் காரணம் யாது என்று ஆராய்தல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். இன்று நமக்கு இது வெள்ளிடைமலையாகத் தோன்றும். அக்காலத்து மூத்த மருத்துவர்களுக்கோ அது பெருங்குற்றமாகப்பட்டது. காட்மன் தாம் பணியாற்றிய மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையை விட்டு நீங்கினார். தாமே ஒரு சிறு மருத்துவமனை நடத்தினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து சென்ற 337 நோயாளிகள்பால் நேர்ந்த 123 பிழைகளைத் தாமே எண்ணி அச்சிட்டு வெளியிட்டார். தம் பிழையைத் தாமே அச்சேற்றும் துணிவு எத்தொழிலிலும் அரிது. புலவர் உலகிலும் அரிதே. 1940இல் அவர் மறைந்தார். பெயர் பொறித்த கல்லுமின்றிக் கிடந்த அவர் கல்லறைக்கு 2014ஆம் ஆண்டிலேதான் நினைவுக்கல் நாட்டப்பட்டது.

'உறைந்த தோள்' என்னும் பெயரை வழங்கியவரும் அவரே. பிரெஞ்சு மருத்துவர் துப்ளே 1872இல் இந்நோயை வேறு பெயரால் விளக்கியிருந்தார். நம் நாட்டிலும் இது புதியதன்று. யூகி முனிவர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ நூலில் வாத நோய்கள் 80 என வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுட் கும்பவாதம் என்பதனை உறைந்த தோளோடு ஒப்பிட்டுக் கூறுவர் இக்காலச் சித்த மருத்துவர்.

இந்நோயில் நாண் அறுவதில்லை, எலும்பு நழுவுவதில்லை, ஊடுகதிர்ப் படத்தில் குறையொன்றும் தோன்றாது. மூட்டினைப் போர்த்த மெல்லிய உறை வீங்கித் தடித்துச் சுருங்குகிறது. அகன்ற சட்டை நனைந்து சுருங்கி உடலைப் பிடிப்பது போல அது பந்தைப் பிடித்துக்கொள்கிறது. நாண் அறுந்தவரின் கையைப் பிறர் தூக்கலாம் என்றோம். உறைந்த தோளை எவர் தூக்கினும் அஃது உயராது. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையை வெளிப்புறமாகத் திருப்பச் சொல்வர் மருத்துவர். அந்தத் திருப்பமே முதலில் இழக்கப்படுவது. நாற்பது முதல் அறுபது வயதுவரை உள்ளோர்க்கு, அவருள்ளும் பெண்டிர்க்கு, இது மிகுதி. பொதுமக்களுள் நூற்றில் 2 முதல் 5 பேர்க்கு வரும் இந்நோய், நீரிழிவு உடையாருள் நூற்றில் 10 முதல் 20 பேர்க்கு வருகிறது.

என்னோடு ஓர் உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றிய வரலாற்று ஆசிரியர் ஒருவர், ஐம்பதைக் கடந்தவர், ஓராண்டுக் காலம் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே எழுதிவந்தார். பின்வரிசை மாணவர்கள் தெரியவில்லையென்று முறையிட்டனர்; குள்ளமான மாணவர்கள்பால் கொண்ட இரக்கம் என்று சிலர் நகையாடினர். அவரோ இரவில் அப்பக்கம் சாய்ந்து படுக்கவும் இயலாமல், சட்டையை மாட்ட மனைவியார் துணையை நாடும் நிலையில் இருந்தார். தோளைக் காட்ட மருத்துவரிடம் சென்றபோது அவர் முதலில் குருதியில் சர்க்கரையின் அளவைச் சோதிக்கச் சொன்னார். நீரிழிவு இருப்பது ஆசிரியர்க்கு அன்றுதான் தெரிந்தது. தோள் வலித்ததால் கண்ணும் சிறுநீரகமும் காப்பாற்றப்பட்டன என்று அவர் பின்னாளில் கூறுவதுண்டு.

உறைந்த தோள் மூன்று பருவங்களாகச் செல்லும். முதற்பருவத்தில் வலி மிகும். இயக்கம் நாளடைவிற் குறையும். இரண்டாம் பருவத்தில் வலி தணியும்; இறுக்கம் நிற்கும். மூன்றாம் பருவத்தில் பனிக்கட்டி உருகுவது போல இறுக்கம் மெல்ல நெகிழும். மூன்றும் கடக்கப் பெரும்பாலும் 1 முதல் 3 ஆண்டு ஆகும். சிலர்க்குச் சிறிது இறுக்கம் பின்னும் எஞ்சும். வலி மிக்க பருவத்தில் மூட்டினுள் ஊசிமருந்து செலுத்துவர். வலி தணிந்தபின் இயன்முறை மருத்துவர் பயிற்சி தருவர். நோயாளி முன்னே குனிந்து, நலமுள்ள கையை மேசையில் ஊன்றி, நோயுற்ற கையைத் தொங்கவிட்டுக் கடிகாரத்தின் ஊசல்போல் மெல்ல ஆட்டும் பயிற்சி ஒன்றுண்டு. அதனைப் பரப்பியவரும் காட்மனே. இங்கே இருவகைத் தவறு நேர்கிறது. ஒருவர் வலிக்கு அஞ்சிக் கையை அறவே அசையாது வைத்து இறுக்கத்தை மிகுவிப்பர். மற்றொருவர் முரட்டு வைத்தியரிடம் சென்று, கையை வலிந்து முறுக்கச்செய்து, உறையையோ நாணையோ கிழித்துக்கொள்வர். முதுமையில் எலும்பே முறிந்ததும் உண்டு.

வேறு சில நோய்களைச் சுருங்கக் கூறுவோம். மூட்டினுள் நுண்கிருமி புகுந்து சீழ் பிடித்தால் தோள் சிவந்து வெதும்பி வீங்கும்; காய்ச்சல் அடிக்கும். இஃது அன்றே மருத்துவமனை சேர வேண்டிய நோய். ஐம்பது வயதிற்கு மேற்பட்டவர்க்கு இரண்டு தோள்களும் ஒருங்கே வலித்து, காலையில் நெடுநேரம் விறைத்திருக்குமாயின் அது மூட்டுக்கு அப்பாற்பட்ட ஓர் அழற்சியாகலாம்; குருதிச் சோதனை அதற்குத் துணைசெய்யும். கைக்குச் செல்லும் நரம்புகள் அழன்று, நள்ளிரவில் கடுவலியாகத் தொடங்கி, வலி தணிந்த சில நாள்களில் தசை மெலிந்து கை சோர்ந்துவிடும் நோயும் உண்டு. 1948இல் பார்சனேஜ், டர்னர் என்னும் இருவர் இதனை விரிவாக எழுதினர்.

தோளில் வலி தோன்றினும் குற்றம் தோளில் இல்லாமையும் உண்டு. மாணவர்கள் கருத்தூன்றிக் கற்க வேண்டிய பகுதி இதுவே. கழுத்தெலும்புகளுக்கிடையே நரம்பு நசுங்கினால் வலி தோளிற் பரவி, முழங்கையைக் கடந்து விரல்வரை ஓடும், விரல் மரத்துப்போகும். கழுத்தைத் திருப்பினால் வலி மிகும். கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் சிறிது தணியும். தோளே நோயுற்றவர்க்குக் கையைத் தலைமேல் வைத்தல்தான் இயலாத செயல்.

வயிற்றின் நோயும் தோளில் பேசும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்னும் தசைத் திரை, குழவி தாய் வயிற்றில் உருவாகும்போது கழுத்தருகே தோன்றிப் பின் கீழிறங்கியது. அது தன் பிறப்பிடத்து நரம்பையும் உடன்கொண்டு இறங்கிற்று. தோளின் மேற்புறத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் தண்டுவடத்தின் அதே பகுதியிலிருந்து வருகிறது. ஆதலின் உதரவிதானத்தின் அடியிற் குருதியோ சீழோ சேர்ந்து அதனை உறுத்தினால், மூளை அதனைத் தோளின் வலியாகக் கொண்டுவிடுகிறது. பித்தப்பை அழன்றவர்க்கு வலத்தோள் வலிக்கலாம். மிதிவண்டியின் கைப்பிடி வயிற்றில் இடித்து வீழ்ந்த பிள்ளைக்குச் சற்று நேரங்கழித்து இடத்தோளின் நுனி வலித்தால், தோளில் அடியே படாதிருக்குமாயின், மண்ணீரல் கிழிந்து உள்ளே குருதி ஒழுகுகிறதோ என ஐயுறுதல் வேண்டும். வீட்டில் ஏசுவார்களென அஞ்சி வீழ்ந்த செய்தியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அம்மறைப்பு உயிருக்கு உலைவைக்கும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது நெஞ்சிலிருந்து வரும் வலி. இதயத்தின் நரம்புகளும் கையின் உட்புற நரம்புகளும் தண்டுவடத்தில் அண்டையண்டையே புகுகின்றன. அதனால் இதயத் தசைக்குக் குருதி தடைப்படும்போது வலி மார்பின் நடுவே அழுத்துவதோடு நில்லாமல், இடத்தோளிலும் கையிலும் தாடையிலும் தோன்றும். சிலர்க்கு இரண்டு தோளிலும் தோன்றும். பெண்டிர்க்கும் நீரிழிவு உடையார்க்கும் மார்பில் வலியே இல்லாமல் தோளிலோ முதுகிலோ மட்டும் தோன்றுதலும் உண்டு. இதனைத் தோள் நோயினின்றும் பிரித்தறிய ஒரு வழி உளது. தோளே நோயுற்றால் கையை அசைக்கும்போது வலி மிகும்; ஒரு நிலையில் வைத்தால் குறையும்; அமுக்கினால் இன்ன இடம் என்று காட்டலாம். நெஞ்சின் வலிக்குக் கையின் அசைவால் மிகுதலும் குறைதலும் இல்லை, இன்ன இடம் என்று சுட்டவும் வாராது, படியேறினால் மிகும். உடன் குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், காரணமறியாத அச்சம் இவற்றுள் ஒன்றோ பலவோ தோன்றும். ஐயமாயினும் வழக்கமான தோள்வலி என்று கொள்ளாமல் நெஞ்சு நோயென்றே கொள்ளுதல் வேண்டும்.

அத்தகைய வேளையில் வீட்டிலுள்ள முதியவர், "சற்றுத் தைலம் தேய்த்துப் படுத்தால் சரியாகிவிடும்" என்றே கூறுவர். வீட்டில் கற்றவன் நீ ஒருவனாகவே இருக்கலாம். அவரை நடக்கவிடாமலும் படியிறங்கவிடாமலும் அமரச்செய்து, 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, வயதையும், வலி தொடங்கிய நேரத்தையும், வியர்வை உண்டா இல்லையா என்பதனையும், வீட்டிற்கு வரும் வழியையும் தெளிவாகக் கூறுக. அவர் உண்டுவரும் மருந்துகளை ஒரு பையிலிட்டு உடன் எடுத்துச் செல்க.